இரண்டு மூடி ரம்

சமையலறையில், துடைத்த தட்டையே மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். கூடத்தில் கணவன், மனைவியோடு விருந்துக்கு வந்திருந்த தன் மேனேஜரிடம் அளந்துகொண்டிருந்தான்.

"நானே கண்டுபிடிச்சது சார்! அன்னாசிச் சாறு, எலுமிச்சை, கசப்புக்கு ஆரஞ்சுத் தோல் ஊறின தண்ணி, ரெண்டு மூடி ரம். ரெண்டாவது கிளாஸ்ல நான் பாட ஆரம்பிச்சிடுவேன்!"

"சாருக்கு ஜூஸே போதுமே..." என்றாள் அவள்.

"நீ சும்மா இரு."

மோந்து பார்த்தே எந்த ரம் என்று சொல்லிவிடுவாராம் மேனேஜர். அவர் கிளாஸைத் தூக்கியதும் அவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"அடேயப்பா, என்னமா ஏறுது! அப்படியே எங்க வீட்டு சரக்கு மாதிரி இருக்குய்யா. இன்னொண்ணு ஊத்து!"

அவள் தட்டைத் துடைப்பதை நிறுத்தினாள்.

தன் கணவரின் கிளாஸில் ஒரு வாய் ருசித்துப் பார்த்த மேனேஜர் மனைவி, விறுவிறுவென்று சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா நடக்குது?"

"எட்டு... எட்டு மாசமா, அக்கா."

"பாட்டில்ல ஊத்துற டீயை அவ்வளவு நேரம் கொதிக்க விடாத. ஒரு கிராம்பு தட்டிப் போடு, வாசனை தூக்கலா இருக்கும். எங்க வீட்டுக்காரர் நாலு வருஷமா குடிக்கிறார், இன்னும் கண்டுபிடிக்கல."

கூடத்தில் இருவரும் குழறிக் குழறிப் பாட ஆரம்பித்திருந்தார்கள்.