மெலாத்தியின் வால்

“உண்மையைச் சொல்லு நினிங். அவளுக்குச் சாப்பாடு வைக்கிறியா, இல்ல பட்டினி போடுறியா?”

இமாஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். நினிங் கதவோரம் ஒதுங்கி, இடுப்பில் நிற்காமல் நழுவிய சீருடைக் கால்சட்டைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள்.

“தினமும் வைக்கிறேன்க்கா. அவதான் திங்க மாட்டேங்கிறா.”

“டெலிமாவும் அதே இடத்துலதான இருக்கா? அவ மட்டும் எப்படி கொழுகொழுன்னு இருக்கா?”

கண்ணாடித் தொட்டிக்குள் டெலிமா சூட்டு விரிப்பின்மேல் சுகமாகப் படுத்திருந்தது. மெலாத்தி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால், குளிர்ந்த மூலையில் ஒண்டிக் கிடந்தது. சிறுத்தைப்பல்லி தின்றதையெல்லாம் வாலில்தான் சேமித்து வைக்கும். டெலிமாவின் வால் கேரட் போலிருந்தது. மெலாத்தியின் வால் ஈர்க்குச்சி ஆகிவிட்டிருந்தது.

“உனக்கு நான் எப்படிப் பண்றேன்? நானே சோறு போட்டு, எதிர்ல உக்காந்து, ‘தின்னு, தின்னு’ன்னு ஒவ்வொரு வாய்க்கும் சொல்றேன்ல? அந்த அக்கறை உனக்கு ஒரு பல்லிகிட்ட இருக்கக் கூடாதா?”

“இருக்குக்கா...”

“கிழிச்ச. இது தேறலைன்னா நீ வேற அறை பாத்துக்க. வாயில்லா ஜீவனைக் கொல்றவளோட என்னால இருக்க முடியாது.”

நினிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பாண்டுங் நகரில் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ரொட்டிக்கடையில் புதிதாகச் சேர்ந்தவளைத் தன் அறைக்குக் கூட்டி வந்து வைத்துக்கொண்டவளே இமாஸ்தான். இமாஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு தங்கம் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அன்று இமாஸுக்கு விடுமுறை. மூடியில் ஓட்டை போட்ட சோற்று டப்பாவில் மெலாத்தியை வைத்துக்கொண்டு, அதை விற்ற ஓமனின் கடைக்குப் போனாள்.

“கூட இருக்கிறவ பட்டினி போட்டே கொன்னுட்டா அண்ணே. பிழைக்குமா பாருங்க.”

ஓமன் வாலைத் தொட்டுப் பார்த்தார். அதை ஒரு காலிப் பெட்டியில் சூட்டு விரிப்பின்மேல் விட்டு, துணியால் மூடிவிட்டு, மற்ற வாடிக்கையாளர்களைக் கவனிக்கப் போய்விட்டார். இமாஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திரும்பி வந்தவர் துணியை விலக்கி, ஒரு சில்வண்டைப் பெட்டிக்குள் போட்டார். மெலாத்தி பாய்ந்தது. கபக்கென்று விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தலையைத் தூக்கியது.

“இதுக்கு ஒரு சீக்கும் இல்ல, யாரும் பட்டினியும் போடல. தொட்டியில இன்னொண்ணு இருக்கா?”

“இருக்கு. ரெண்டும் பொட்டை. சண்டையே கிடையாது அண்ணே! ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத்தான் தூங்கும். அவ்ளோ பாசம்.”

ஓமன் சிரித்துவிட்டார். “பாசமா? சூடான இடம் என்னுதுன்னு அமுக்கி வெச்சிருக்கு, நீ பாசம்ங்கறே. கடிக்கவே வேணாம்மா. பெரிசு எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருந்தா போதும், சின்னதுக்குத் தொண்டையில இறங்காது. பாக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

இமாஸுக்கு முகம் செத்துவிட்டது. வீட்டில் திட்டியது போதாதென்று, நினிங் நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று ரொட்டிக்கடை முழுக்க வேறு சொல்லி வைத்திருந்தாள். ஒரு பாவமும் அறியாத பெண்ணை அழவைத்து அனுப்பினோமே என்று வேனில் வரும் வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. மெலாத்திக்கென்று தனியாக வாங்கி மடியில் வைத்திருந்த புதுப் பெட்டியைத் தவிர வேறெதையும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் நினிங் வருவதற்குள் சோயாக் கட்டியான தெம்பேயைப் பொரித்து, மிளகாய்ச் சம்பால் அரைத்து வைத்தாள். கதவு திறந்ததும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடு நினிங். உம்மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் இந்தத் தடிச்சி பண்ண வேலை!” டெலிமாவின் தொட்டியை விரலால் சுண்டினாள். “வேற அறை பாருன்னு சொன்னதை மறந்துடு. நாளைக்குக் கடையிலயும் எல்லார்கிட்டயும் என் தப்புதான்னு சொல்லிடறேன். எனக்கே அசிங்கமா இருக்கு.”

“பரவால்லக்கா.”

நினிங் புதுப் பெட்டியின் முன் உட்கார்ந்து ஒரு புழுவைப் போட்டாள். மெலாத்தி லபக்கென்று பிடித்தது. நினிங் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து இமாஸ் பார்த்ததே இல்லை.

“ஏண்டி, நீதான தினமும் தீனி வைக்கிற? பெரிசாலதான் இப்படின்னு உனக்குத் தெரியலையா?”

“தெரியும்க்கா.”

“பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல?”

நினிங் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி விடு, அசடு.” இமாஸ் தட்டு நிறையச் சோறு போட்டு, தெம்பேயை அள்ளி வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “வா. இன்னைக்கு ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. நான் பாத்துட்டே இருப்பேன்.”

நினிங் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். உட்காராமல் கதவை நோக்கி நடந்தாள்.

“எங்கடி போற?”

நிலையருகே நின்று திரும்பினாள் நினிங்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா... படியில தனியா உக்காந்தாத்தான் எனக்கும் இறங்கும்.”