செங்கல்வராயன் வீட்டுக் கடிகாரம்

"இன்னும் ஒரு தபா பாடு தவறுச்சுன்னா லிஸ்ட்லேர்ந்து இவரு பேரையே எடுத்துடுவாங்க டாக்டர்!" என்றாள் ஜமுனா.

பக்கத்தில் அவள் கணவன் செங்கல்வராயன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பழவேற்காடு ஏரியில் முறை வைத்து வலை போடுவதற்குப் பெயர்தான் பாடு. போன இரண்டு முறையும் விடியற்காலையில் போயிருக்க வேண்டியவன், வெயில் ஏறிய பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு போய் நின்றான். தோணிரேவு ஊரே கைகொட்டிச் சிரித்தது. நாளை மறுபடி அவன் முறை.

"அலாரம் வைக்கறதுதானே?"

"அது அடிச்சா இவருக்கு நெஞ்சு படபடன்னு ஆயிடுது. அதுக்குத்தான நீங்க மாத்திர குடுத்தீங்க?"

டாக்டர் விஜயராகவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடம் நடத்த ஆள் கிடைத்துவிட்டால், வெளியே காத்திருக்கும் கூட்டம் அவர் கண்ணில் படாது.

"மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கும்மா. தூங்கு, எழுந்திருன்னு அதுதான் சொல்லும். அங்க நரம்புகளை அடக்கிவைக்க 'காபா'ன்னு ஒரு ரசாயனம். இந்த மாத்திரை அதுக்கு வலு சேர்க்கும். வேளை தப்பிப் போட்டா கடிகாரமே தள்ளிப் போயிடும். நான் ராத்திரிதானே போடச் சொன்னேன்?"

"ராத்திரி மறந்துடும்னு மத்தியானம் சோறு துன்னதும் நான்தான் குடுத்தேன்."

தப்பு தன்மேல் இல்லை என்று தெரிந்ததும் டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே! உன்னாலதாம்மா எல்லாம்!"

ஜமுனா பொலபொலவென்று அழுதுவிட்டாள். செங்கல்வராயனுக்கு மனசு கேட்கவில்லை.

"அவள திட்டாதீங்க டாக்டர். நான் ஒரு மாத்திரகூட முழுங்கல. அது பைத்தியக்கார மாத்திரன்னு ஊர்ல சொன்னாங்க. வாயில அடக்கி வச்சிக்கினு, இவ அந்தாண்ட போனதும் கொல்லையில துப்பிடுவேன்."

டாக்டருக்குச் சுருதி இறங்கிவிட்டது. "அப்புறம் ஏன்யா உன்னால நேரத்துக்கு எழுந்துக்க முடியல?"

"எங்க வூட்டு சேவல் கூவுனாத்தான் நான் எழுந்துப்பேன். நான் துப்புனத எல்லாம் பொறுக்கித் துன்னுட்டு, அது இப்ப பத்து மணிக்குத்தான் கூவுது!"