மிளகு ஆகாத பத்தியம்

இந்தப் புஷ்பவதி பத்தியம்னு சொல்லி நடிக்கிறான்னு விஜேந்திரன் முதலாளி முடிவே கட்டிட்டாரு.

பலாபத்வலயில மிளகு, மல்லி அரைக்கிற மில் அவருடையது. மெஷினுக்குப் பக்கத்துல நின்னு தூள் அள்ளுறவ புஷ்பவதி. மழைக்கு முன்னாடி பிடிச்ச சளி போயும், இருமல் அவளை விடவே இல்ல. தூள் வாங்க வர்றவங்க முகத்தைச் சுளிச்சாங்க. இருமல் நின்னாத்தான் இனி வேலைன்னு முதலாளி கறாரா சொல்லிட்டாரு. பாவம், பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு அவ எங்க போவா?

மாத்தளை டவுன்ல இருக்கிற ஹோமியோபதி டொக்டர் ஜிப்ரிக்கிட்ட அவரேதான் அனுப்பிவச்சாரு. அவரு வீட்டுல யாராவது தும்மினாலே அந்த டொக்டரோட இனிப்பு உருண்டைதான். காப்பி தொடாதேன்னா தொட மாட்டாரு மனுஷன்.

போயிட்டு வந்தவ தயங்கித் தயங்கிச் சொன்னா. மருந்து சாப்பிடுற வரைக்கும் மிளகு வாசமே படக்கூடாதாம். பட்டா மருந்து செத்துப்போயிருமாம்.

எரிச்சல்தான். ஆனா டொக்டர் சொல்லை மீற முடியுமா? முன்னறையில லேபல் ஒட்டுற வேலைக்கு அவளை மாத்தினாரு. மெஷினுக்கு வேற ஆள் கிடைக்கல. அவரே நின்னாரு.

புஷ்பவதிக்கு இருமல் நின்னே போச்சு. பத்தியம் மட்டும் முடியல. கேக்கிற நேரமெல்லாம், இன்னும் கொஞ்ச நாள்னு டொக்டர் சொல்லியனுப்புவாரு.

அப்பத்தான் முதலாளியோட வீட்டம்மாவுக்குச் சளி பிடிச்சுது. அதே டொக்டர், அதே உருண்டை. மத்தியானம் பார்த்தா அந்தம்மா மணக்க மணக்க மிளகு ரசம் குடிச்சுக்கிட்டிருக்கு. பத்தியம் இல்லையான்னு கேட்டா, டொக்டர் அப்படி எதுவும் சொல்லலையேங்குது.

நேரா போய் டொக்டர் முன்னாடி நின்னாரு.

"என் வீட்டுக்காரிக்கு இல்லாத பத்தியம் அவளுக்கு மட்டும் என்ன? ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்துறீங்களா?"

"புஷ்பவதிக்கு ஒண்ணும் தெரியாது முதலாளி. நான் சொன்னதை நம்பிட்டாங்க" ன்னு நிதானமா சொன்னாரு ஜிப்ரி. "மெஷின் தூசு நெஞ்சுல இறங்குது, ஆளுக்கு முகமூடி குடுங்கன்னு போன வருஷமே உங்ககிட்ட சொன்னேன். சிரிச்சீங்க. தூசுன்னா கேக்க மாட்டீங்க, பத்தியம்னா கேப்பீங்க. அதான் அப்படிச் சொன்னேன்."

பதில் சொல்ல முதலாளி வாயைத் திறந்தாரு. இருமல்தான் வந்துச்சு.