அருவிக்குப் போகாத வண்டி

“இன்னிக்கு வசமா மாட்டினா!” என்றபடி செல்போனின் கேமராவை ஊதித் துடைத்தான் நீலாஸ்.

மலைச்சரிவில் ஒரு பாறைக்குப் பின்னால் பனியில் குப்புறப் படுத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி மாரெட், ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினாள்.

“நாப்பத்தஞ்சு வயசுல ஒளிஞ்சு விளையாடுறியா? இந்தா, குடி. கை விறைச்சுப்போச்சுன்னா படம் எடுக்க முடியாது.”

“கிண்டலா? நாளைக்கு ஊராட்சிக் கூட்டத்துல ‘ஆதாரம் எங்கே’ன்னு கேப்பாங்க. போன வருஷம் வெறும் வாயை மென்னுட்டுத் திரும்பி வந்தேனே, மறந்துபோச்சா?”

மாட்டப் போகிறவள் ரக்னா. சுற்றுலா வருகிறவர்களை நாய் வண்டியில் ஏற்றி, காட்டையும் உறைந்த அருவியையும் காட்டி, சூடாகக் கறி சூப் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவள் தொழில். அவளுடைய நாய்களால் தன் பனிமான்கள் மிரண்டு ஓடுகின்றன, அந்தத் தடத்தையே மூட வேண்டும் என்று மூன்று வருடமாக ஊராட்சியில் மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தான் நீலாஸ்.

அதிலும் இது ஏப்ரல் மாதம். மந்தையில் பெரும்பாலும் சினை மான்கள். நடுக்குளிரில் மழை பெய்து, தரை கண்ணாடியாக உறைந்துவிட்டதால் மேய வழியில்லாமல் எலும்பும் தோலுமாக இருந்தன. இந்த நிலைமையில் ஒரு தடவை விரட்டினால் போதும், பாதி மான்களுக்குக் குட்டி தங்காது.

எதிரே கீழே இருந்த மேட்டைத் தாண்டினால் பள்ளம். அருவிக்குப் போகும் தடம் அந்தப் பள்ளத்துக்கு நடுவில்தான். மந்தையும் இன்று சரியாக அங்கேதான் படுத்திருந்தது.

“வர்றா, வர்றா!” நீலாஸ் பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

இரண்டு வண்டிகள். முன்னால் ரக்னா. பின்னால் ஒரு சிவப்புக் குல்லாய்க்காரரும் அவர் மனைவியும்.

மேட்டுக்குக் கீழே வந்ததும் வாடை பிடித்துவிட்ட நாய்கள் துள்ளிக் குதித்துக் குரைத்தன. பள்ளத்தில் மான்கள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின.

“எழுந்துக்கப் போகுதுங்கய்யா” என்றாள் மாரெட்.

“பேசாதே, குரல் பதிவாகிடும்.”

ரக்னா பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினாள். இறங்கி, குனிந்து, பனியில் இருந்த குளம்புத் தடங்களைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று பின்னால் வந்தாள்.

“இதோட போதும் சார், திரும்பிடலாம். நாய்ங்க களைச்சுப் போச்சு.”

“என்னது? இதுங்களா களைச்சுப் போச்சு? அந்தக் கறுப்பு நாய் என் தலைக்கு மேல குதிக்குது!”

“அருவி முன்னாடி நின்னு ஒரு படம் எடுக்கத்தானே பெர்கன்லேருந்து இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றாள் அவர் மனைவி. “இன்னிக்கு எங்களுக்கு இருபத்தஞ்சாவது கல்யாண நாள்மா.”

“மன்னிச்சுக்கோங்கம்மா. முழுப் பணத்தையும் திருப்பித் தந்துடறேன்.”

“பணத்தைக் கொடுத்தா ஆச்சா?” என்று கத்தினார் குல்லாய்க்காரர். “இது பச்சைப் பித்தலாட்டம்! இன்டர்நெட்ல எழுதி உன் மானத்தை வாங்குறேனா இல்லையா பார். ஒரே ஒரு நட்சத்திரம்தான்!”

“எழுதிக்கோங்க சார். சத்தம் மட்டும் போடாதீங்க.”

முன்னால் நின்ற இரண்டு நாய்களின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். அவை அவளைக் கீழே தள்ளின. எழுந்து மறுபடி இழுத்தாள். ஒருவழியாக இரண்டு வண்டிகளும் வந்த வழியே திரும்பின. சிவப்புக் குல்லாய் இன்னும் திட்டிக்கொண்டே போவது கேட்டது.

பள்ளத்தில் மான்கள் மறுபடி தலையைத் தாழ்த்திக்கொண்டன.

“பொய்க்காரி!” என்றான் நீலாஸ், ஏமாற்றத்தோடு. “மான் இருக்குன்னு சொல்லிட்டுப் போறதுதானே?”

“சொன்னா சும்மா விட்டிருப்பாங்களா? அந்த ஆளு கேமராவைத் தூக்கிட்டு நடந்தே மேட்டுல ஏறியிருப்பான். நாளைக்கு ஊரே பனி ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு வேடிக்கை பார்க்க வந்திருக்கும். நம்ம மானுங்களுக்காக அவ தன் பேரைக் கெடுத்துக்கிட்டுப் போறாய்யா.”

நீலாஸ் பதிவை நிறுத்தினான். வெட்கமாக இருந்தது. காபியும் ஆறிப்போயிருந்தது.

“சரி” என்றான் கடைசியில். “கூட்டத்துல இதையே போட்டுக் காட்டுறேன். இவ்வளவு நல்லவ மேல மனு போட்டது தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். போதுமா?”

பெருந்தன்மையாகத்தான் சொன்னான். சொல்லி முடித்ததும் மனசு லேசாகக்கூட ஆனது.

“தாராளமா காட்டு” என்றாள் மாரெட், ஃபிளாஸ்கை மூடிக்கொண்டே. “ஆனா ஒரு கேள்வி வரும். அதுக்கும் பதில் யோசிச்சு வச்சுக்கோ.”

“என்ன கேள்வி?”

“மந்தையை மேல் காட்டுக்கு ஓட்டிட்டு வரேன்னு நேத்து என்கிட்ட சொல்லிட்டுப் போய், நாய் வண்டி வர்ற தடத்துல தீனியைக் கொட்டி, சினை மானுங்களைப் படுக்க வச்சது யாருன்னு.”