தங்கப் பீயுருட்டி

நகுலேஸ்வரி காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஓங்கி ஒரு போடு போட்டாள். மகளின் அலங்கார மேசையில் கிடந்த வண்டு சாகவில்லை. ‘ணங்’ என்று சத்தம்தான் வந்தது.

"ஐயோ அம்மா, அது என்ரை பென்டன்." குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்தாள் ஜதுர்ஷிகா. வண்டை எடுத்து ஊதித் துடைத்து, சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

கிட்டப் போய்ப் பார்த்த நகுலேஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசியது. முள்ளுமுள்ளாய்க் கால்கள், பிளந்த முதுகு, முகம் என்று சொல்ல முடியாத ஒரு முகம். தங்கத்தில் வார்த்தால் மட்டும் பூச்சி பூச்சி இல்லையென்று ஆகிவிடுமா?

"உதென்ன வண்டு பிள்ளை?"

"எகிப்துப் பாணி நகை, அம்மா. நூறு வருசத்துக்கு முந்தி இங்கை லண்டனிலைதான் செய்தது, பழைய நகைச் சந்தையிலை வாங்கினனான். சாணியை உருண்டையாக்கி உருட்டிக்கொண்டு போகுமே, அந்த வண்டு."

"பீயுருட்டியோ?" காலையில் குடித்த தேத்தண்ணி நகுலேஸ்வரியின் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

மகள் அதோடு நிறுத்தினாளா? அந்தக் காலத்து எகிப்துக்காரர் இதைச் சூரியனை உருட்டுகிற தெய்வமென்று கும்பிட்டதையும், செத்தவரைத் துணியால் சுற்றும்போது நெஞ்சின் மேல் இதன் உருவத்தை வைத்ததையும், அழிந்தது திரும்பப் பிறக்கும் என்பதற்கு இதுதான் அடையாளம் என்பதையும் விளக்கு விளக்கென்று விளக்கினாள். கேட்கக் கேட்க நகுலேஸ்வரிக்குக் குமட்டல் கூடியது. சாணியில் தொடங்கிய கதை பிணத்தில் வந்தல்லவா நிற்கிறது.

"அடுத்த மாசம் கலியாணம். உந்த அரியண்டத்தைக் கழட்டி எறி."

"மாட்டன். மணவறையிலையும் போடுவன்."

"பீயுருட்டி தொங்கிற கழுத்திலை தாலி ஏறிறதைப் பாக்க என்னாலை ஏலாது. நான் மண்டபத்துக்கே வரமாட்டன்."

வெறும் மிரட்டல் இல்லை. நகுலேஸ்வரி ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான், சொந்தத் தங்கச்சியின் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் வருடக்கணக்கில் இருந்தவள். பெற்ற தாய் இல்லாமல் மணவறையில் இருக்க வேண்டுமே என்று ஜதுர்ஷிகா சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அழுதாள். கழற்றினாளே தவிர, எறிய அவளுக்கு மனம் வரவில்லை. பிடித்த நகை என்றால் அவளுக்கு உயிர்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை துஷாந்தன் கலியாண அழைப்பிதழ்களோடு பிளேஸ்டோவிலிருந்த அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். தாய் ஒரு பக்கம் மூக்கைச் சுளித்துக்கொண்டும், மகள் ஒரு பக்கம் மூக்கைச் சிந்திக்கொண்டும் இருந்தார்கள். கதையைக் கேட்டவன் வண்டைக் கையில் எடுத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்தான்.

"கல்லுக்கில்லு ஒண்டும் இல்லை. முழுக்கத் தங்கம், ஒரு பவுண் நிறை தேறும்," என்றான். ஜதுர்ஷிகா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, அழுகையை நிறுத்தி, சரியென்று தலையாட்டினாள்.

"என்னோடை விடுங்கோ, மாமி. இனி இந்த உருவத்தை உங்கடை கண் காணாது."

"தேம்ஸிலை எறிஞ்சாலும் சரி, தம்பி. எனக்குச் சத்தி வருது."

அவன் வண்டை மட்டும் கழற்றிக்கொண்டு போனதும் நகுலேஸ்வரி மேசையை மஞ்சள் தண்ணீரால் கழுவினாள், சங்கிலியைக் கழுவினாள், செருப்பையும் விடவில்லை. மருமகன் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று மனம் குளிர்ந்து போனது.

பொன்னுருக்கு, வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில், ஹவுன்ஸ்லோவில் நடந்தது. தாலிக்கான பொன்னை நல்ல நேரத்தில் ஆசாரி உருக்கும் அந்தச் சடங்குக்குப் பெண் போகக் கூடாது. பெண்ணைப் பெற்றவர்கள் போகலாம். நகுலேஸ்வரியும் கணவரும் வெள்ளனவே புறப்பட்டும் நோர்த் சேர்க்குலர் வீதி நெரிசலில் கார் நகரவில்லை. நல்ல நேரம் யாருக்காகவும் காத்திருக்குமா? அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆசாரியின் குகை என்கிற மண் கிண்ணத்துக்குள் பொன் உருகித் தளதளத்துக்கொண்டிருந்தது.

ஆறவைத்த பொன் மஞ்சளும் பூவும் பரப்பிய தட்டில் சபைக்கு வந்தது. புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. பெண்ணின் தாய்க்குத்தான் முதல் மரியாதை என்று துஷாந்தன் தட்டை நேரே நகுலேஸ்வரியிடம் நீட்டினான்.

அவள் அதைக் கையில் எடுத்தாள். மகளின் வாழ்வே உள்ளங்கையில் இருப்பதாகத் தோன்றிக் கண் கலங்கியது. இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். அதுவும் போதாமல் உதட்டில் வைத்துக் கொஞ்சிய பிறகுதான் தட்டில் திரும்ப வைத்தாள்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவ முதலே மகளைக் கூப்பிட்டாள்.

"எவ்வளவு துப்புரவான பொன் தெரியுமோ பிள்ளை. நான் கண்ணிலை ஒத்திக் கொஞ்சிப்போட்டு வந்தனான். உந்த ஊத்தை தொங்கின கழுத்துக்கு அது ஏறினால்தான் விமோசனம்."

ஜதுர்ஷிகா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

"என்னடி சிரிப்பு?"

"அம்மா, நீங்கள் கொஞ்சினது அந்த வண்டைத்தான்."