தலைகீழா வரைஞ்ச கெப்பாசிட்டர்

என் மருமக மேஜையில வெயில் விழுது. அவளே யோசிச்சுக் கட்டின, மின் அலை உண்டாக்குற பெட்டி மெல்ல முனகுது. பக்கத்துத் திரையில அந்த அலை பச்சைக் கோடா வழுவழுன்னு ஏறி இறங்குது. யார் வேணா செஞ்சுக்கட்டும்னு அதோட சர்க்யூட் வரைபடத்தை இணையத்துல சும்மாவே போட்டிருக்கா. அதைப் பாத்துச் செஞ்ச வாத்தியார் ஒருத்தர் வீடியோ கால்ல இருக்கார், முதல் தடவையா சுவிட்ச் போடப்போறார். இவ வரைபடத்தைப் பாக்கறா, தன் பெட்டியைப் பாக்கறா, முகம் வெளுக்குது. “அத்தே, படத்துல கெப்பாசிட்டரைத் தலைகீழா, பிளஸ் மைனஸ் மாத்தி வரைஞ்சிருக்கேன். கரண்ட் பாஞ்சா வெடிச்சுடும்!” “உன்னோடது சமத்தா ஓடுதேடி?” “கைப்பழக்கத்துல சரியா வெச்சுட்டேன் அத்தே!” போனைப் பிடிச்சுக் கத்தறா: “சார், போடாதீங்க!” நெட் சிக்கி, வீடியோ கால்ல அவர் உருவம் அப்படியே உறைஞ்சு நிக்குது. வாத்தியார் பெட்டி மேல குனிஞ்சிருக்கார், மூக்கு நுனியில கண்ணாடி, சுவிட்ச் மேல விரல். இங்க பச்சைக் கோடு மட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி ஏறி இறங்குது.