ஜேன் என்று யாரும் இல்லை

அன்று தூறல் இருந்ததா, என் நினைவில்தான் அப்படி நனைந்துவிட்டதா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாளிகைச் சீமாட்டியின் முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது.

ஹார்லோக் மாளிகையை வெடி வைத்துத் தகர்க்கும் நாள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் அந்த ஆண்டுகளில் பெரிய வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஊரே ஃபிளாஸ்கில் தேநீரோடு வந்து பூங்காவின் புல்சரிவில் உட்கார்ந்திருந்தது.

சீமாட்டி வாடகைக் காரில் வந்து இறங்கினாள். இடிக்க வந்திருந்த லண்டன் மேஸ்திரியிடம் கெஞ்சினாள்.

குழந்தைகள் மாடியில் இருந்த ஒரு கதவுநிலை வேண்டுமாம். மகன் ஜூலியனின் உயரத்தை ஆண்டுதோறும் அதில் பென்சிலால் குறித்திருந்தார்கள். ஜூலியன் போரிலிருந்து திரும்பவில்லை.

"எந்தக் கதவும்மா? மேல ஏகப்பட்டது இருக்கே. சரியா காட்டினா ரெண்டு பேர அனுப்பிப் பேத்துத் தரேன்."

அவளுக்குத் தெரியவில்லை. அந்த மாடிக்கு அவள் அதிகம் ஏறியதில்லை. பென்சில் பிடித்தது நான்.

அவள் கண் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தது.

"ஜேன்! அதோ, அவளுக்குத் தெரியும்! ஜேன்!"

மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

"ஜேனா? அப்படி யாரும் இங்க இல்லீங்க," என்றேன். "என் பேரு வினிஃப்ரெட்."

"பொறந்ததுலேருந்து அவ வின்னிதாங்க," என்றார் கசாப்புக்கடை ஆல்பர்ட். "சந்தேகம்னா பாதிரியாரக் கேளுங்க. ஞானஸ்நானத் தண்ணி தெளிச்சவரு அவருதான்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரியும்.

அந்த வீட்டில் இரண்டாம் வேலைக்காரி யாராக இருந்தாலும் பெயர் ஜேன். எனக்கு முன்னால் இருந்தவளும் ஜேன். பின்னால் வந்தவளும் ஜேன்.

என் அம்மா சாகக் கிடந்தபோது தம்பி பெர்சி பனியில் நடந்தே வந்து, வாசற்படியில் நின்ற சீமாட்டியிடம் வினிஃப்ரெட்டைக் கேட்டான்.

"வினிஃப்ரெட்டா? அப்படி யாரும் இங்க இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. நான் மேலே ஜூலியனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

அம்மாவைப் புதைத்த பிறகுதான் எனக்குச் சேதி வந்தது.

அன்று மேஸ்திரி கொஞ்சம் காத்திருந்தார். பிறகு வெடிக்கச் சொல்லி விசில் ஊதினார்.

சீமாட்டி மறு ஆண்டு கடலோர ஊர் ஒன்றில் வாடகை அறையில் இறந்தாள். பெர்சி கனடாவுக்குப் போனான். ஆல்பர்ட்டின் கடையை அவர் மருமகன் நடத்துகிறான். பூங்காவில் சர்க்கரை ஆலைக்கான பீட்கிழங்கு விளைகிறது.

கதவுநிலை அந்த இடிபாட்டில் இல்லை. முந்தைய வாரம் மாளிகையில் நடந்த ஏலத்தில் பழைய மரங்களோடு அதையும் நான்தான் எடுத்திருந்தேன். அவள் கெஞ்சியபோது அது எங்கள் விறகுக் கொட்டகையில் சாய்ந்து நின்றது.

அந்தக் குளிர்காலத்தில் எரித்தோம். கெட்டி மரம். மெதுவாக எரிந்தது.